ஸ்பெயினில் குட்டி ஆபீஸ்: 500 யூரோ வாடகைன்னா 500 யூரோ மட்டும்தானா?



செவில் நகரத்தின் பழைய பகுதி. கதீட்ரல் பக்கத்துச் சந்தில், மாடியில் ஒரு சின்ன ரூம். விளம்பரத்தில் மாதம் 500 யூரோ. ஸ்பெயினில் பதிவு செய்து தனியாகத் தொழில் பண்றவங்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனா கையெழுத்துப் போடும் முன் நாலு விஷயம் பாருங்க.

1. வரிக் கணக்கு

வாடகை: 500
ஐவிஏ 21%: கூட்டுங்க 105
வருமான வரிப் பிடித்தம் 19%: கழிங்க 95
ஓனருக்குக் கொடுப்பது: 510

பிடித்த 95 யூரோவை 3 மாதத்துக்கு ஒரு தடவை 'மொடேலோ 115' படிவத்தில் நீங்கதான் அரசுக்குக் கட்டணும். நம்ம ஊர் டிடிஎஸ் மாதிரியேதான். ஓனரிடம் வரித்துறையின் விலக்குச் சான்றிதழ் இருந்தா பிடிக்க வேண்டாம். அதை வாங்கி ஃபைல்ல வைங்க.

ஆக மொத்தம் உங்க கையை விட்டுப் போவது 605. சாஃப்ட்வேர், டிசைன் வேலைன்னா அந்த 105-ஐ ஐவிஏ கணக்கில் கழிச்சுக்கலாம். மருத்துவம், இன்சூரன்ஸ் மாதிரி ஐவிஏ விலக்குள்ள தொழில்னா கழிக்க முடியாது. வருஷத்துக்கு 1,260 யூரோ முழுக்க உங்க செலவு!

2. அட்வான்ஸ்

1994 வாடகைச் சட்டப்படி வீட்டுக்கு 1 மாத வாடகை, ஆபீஸுக்கு 2 மாதம். இங்கே 1,000 யூரோ. செவில் இருக்கும் அந்தலூசியாவில் ஓனர் இதை மாநில வீட்டுவசதி ஏஜென்சியில் டெபாசிட் செய்யணும். ரசீது நகல் கேட்டு வாங்குங்க. இது போக வங்கி உத்தரவாதமும் ஓனர் கேட்கலாம்.

3. பாதியில் காலி பண்ணினா?

பெரிய அடி விழுறது இங்கேதான். வீட்டு வாடகைக்காரர் 6 மாதம் கழிச்சு, 30 நாள் முன்னாடி சொல்லிட்டுக் கிளம்பலாம். அந்த உரிமை ஆபீஸுக்குக் கிடையாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கோ அதுதான். 3 வருஷ ஒப்பந்தம் போட்டு முதல் வருஷ முடிவில் கிளம்பினா, மீதி 24 மாதத்துக்கு, அதாவது 12,000 யூரோ வரைக்கும் ஓனர் கேட்டு வழக்குப் போட வழி இருக்கு. கோர்ட் குறைக்கலாம், ஆனா அந்த அலைச்சல் எதுக்கு? "2 மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்ற ஒரு வரியை முதல்லயே சேர்க்கச் சொல்லுங்க.

4. பழைய கட்டடம்

கோடையில் செவில் 40 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத ரூமை எடுத்துட்டு அப்புறம் மாட்டிக்கலாம்னு நினைக்காதீங்க. பாதுகாக்கப்பட்ட பகுதியில் வெளி யூனிட், பெயர்ப் பலகை, ஜன்னல் மாற்றம் எல்லாத்துக்கும் நகராட்சி அனுமதி தேவைப்படலாம். சொத்து வரி, கட்டடப் பராமரிப்புக் கட்டணம் யார் தலையில்னும் ஒப்பந்தத்தில் பாருங்க. உங்க தலையில் எழுதியிருந்தா, அதையும் மாத வாடகையோட கூட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

ஒப்பந்தம் ஸ்பானிஷ் மொழியில்தான் இருக்கும். அங்கே 'ஹெஸ்தோர்'னு சொல்ற வரி, கணக்கு ஆலோசகரிடம் காட்டிட்டுக் கையெழுத்துப் போடுங்க. அந்த ஃபீஸ் வீண் செலவு இல்லை.