சுற்றி வராத சுற்றுலா

தில்லி சரோஜினி நகரில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. 2018 ஆகஸ்டில் திறந்த பிங்க் லைன் மெட்ரோ நிலையம் எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று ரிங் ரயில்வேயைச் சேர்ந்தது. 1975இல் சரக்கு ரயில்களுக்காகப் போட்ட இந்த வட்டப் பாதையை, 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிப் பயணிகளுக்காக மேம்படுத்தினார்கள். நிஜாமுதீனில் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டர் சுற்றி மறுபடி நிஜாமுதீனிலேயே இறங்கலாம். தில்லிக்கு அது சரி. ஐரோப்பாவில் நாலைந்து ஊர் பார்க்க நினைப்பவர்கள் முதலில் மறக்க வேண்டியது இந்த வட்டத்தைத்தான்.

சரோஜினி நகர் அரசு ஊழியர் குவார்ட்டர்ஸால் வளர்ந்த இடம். இங்கே பயணப் பேச்சு எல்.டி.சி. என்னும் விடுமுறைப் பயணச் சலுகையிலிருந்துதான் தொடங்கும். அந்தச் சலுகையோடு வெளிநாட்டையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தவர்கள் உண்டு. ஸ்டேட் பாங்க் ஊழியர்களின் எல்.டி.சி. தொகைக்கு வரி விலக்கு உண்டா என்ற வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. அதில் வந்த ஒரு பயணப் பாதையைப் பாருங்கள்: தில்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடி கொழும்பு, தில்லி. மதுரைக்குப் போய்வர இதுதான் வழியென்றால் மீனாட்சியே சிரித்திருப்பாள். வரி விலக்கு இந்தியாவுக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு, அதுவும் குறுகிய பாதைக்கு மட்டும்தான் என்று 2022 நவம்பரில் தீர்ப்பு வந்தது.

ஆக, ஐரோப்பா என்றால் சொந்தக் காசு. சொந்தக் காசில் போகும்போதுதான் குறுகிய பாதையின் அருமை தெரியும்.

பலர் செய்வது இதுதான்: மலிவாகக் கிடைக்கிறதே என்று தில்லி-பாரிஸ்-தில்லி விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிடுவார்கள். பிறகு ஆம்ஸ்டர்டாம், ஜூரிக், வெனிஸ், ரோம் என்று ஊர்கள் சேரும். கடைசியில் விமானத்தைப் பிடிக்க ரோமிலிருந்து பாரிசுக்கு ஓட வேண்டும். ரயிலில் அது ஏறக்குறைய ஒரு நாள் பாடு. பார்த்த ஊருக்கே திரும்ப ஒரு பகலும் ஒரு டிக்கெட்டும் வீண். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, தெற்கே வந்து, ரோமில் விமானம் ஏறினால் இந்தத் தொல்லை இல்லை. முன்பதிவுத் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்றிருப்பது இதற்குத்தான். போகும் டிக்கெட்டையும் வரும் டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் இது மலிவு.

ஊர் வரிசைக்கும் விசாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஷெங்கன் விசா ஒன்றில் 29 நாடுகளுக்குப் போகலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். தூதரகங்கள் பக்கத்திலுள்ள சாணக்யபுரியிலேயே வரிசையாக இருந்தாலும் மனுவைப் பெரும்பாலும் தனியார் விசா மையங்களில்தான் வாங்குகிறார்கள். எந்த ஊரில் எத்தனை இரவு என்று அங்கே காட்டியாக வேண்டும். லண்டன் இந்த 29இல் சேராது. அதற்குத் தனி விசா. பாரிசுக்கும் ரோமுக்கும் நடுவே லண்டனைச் செருகினால் ஷெங்கன் எல்லைக்குள் இரண்டாம் முறை நுழைய வேண்டும். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு போனவர் மாட்டிக்கொள்வார். லண்டனை முதலிலோ கடைசியிலோ வைப்பதே நல்லது.

அடுத்தது ஸ்டேஷன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியில், திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனில் என்று பிரித்தறியும் தில்லித் தமிழருக்கு இது புதிதல்ல. பாரிசிலும் அதே கதைதான். லண்டன், ஆம்ஸ்டர்டாம் ரயில்களுக்கு கார் து நோர். சுவிட்சர்லாந்து ரயில்களுக்கு கார் து லியோன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரத்தில் வந்து சேருபவர், பாரிசில் தங்காமல் அப்படியே ஜூரிக் போக நினைத்தால் நகர ரயிலில் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். இரண்டு ரயிலுக்கும் நடுவே அரை மணி நேரம் மட்டும் விட்டவரைப் பாரிசும் காப்பாற்றாது.

ஜூரிக்கிலிருந்து மிலானுக்குப் போகும் பாதையில் மட்டும் அவசரப்படத் தோன்றாது. 2016இல் திறந்த கொட்டார்ட் சுரங்கம் மலைக்கடியில் 57 கிலோமீட்டர் ஓடுகிறது. மிலான் போய்ச் சேர மூன்றேகால் மணி நேரம் போல ஆகும். ஆல்ப்ஸைப் பார்க்கவே வந்தவர்கள் சுரங்கத்தைத் தவிர்த்து, மேலே வளைந்து செல்லும் பழைய பாதை ரயிலில் மெல்லப் போவதும் உண்டு.

பாஸ் எடுப்பதா, தனி டிக்கெட்டா? யூரெய்ல் பாஸ் 1959இலிருந்து இருக்கிறது, ஐரோப்பாவில் குடியிராதவர்களுக்கானது. ஒரு மாதத்துக்குள் ஏதேனும் 5 நாள், 7 நாள் என்று வாங்கலாம். நம்மூர் சீசன் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும்: ஏறும் உரிமை வேறு, உட்காரும் இடம் வேறு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான பகல் ரயில்களில் பாஸைக் காட்டி ஏறிவிடலாம். பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, யூரோஸ்டார் மூன்றிலும் தனிக் கட்டணம் கட்டி இருக்கையைப் பதிந்தாக வேண்டும். டி.ஜி.வி.யிலும் யூரோஸ்டாரிலும் பாஸ்காரர்களுக்கான இடங்கள் குறைவு. நாலே ஊர், தேதியும் முடிவாகிவிட்டது என்றால் முன்கூட்டியே வாங்கும் தனி டிக்கெட்தான் பெரும்பாலும் மலிவு. தட்கல் மனப்பான்மை அங்கே உதவாது. அதிவேக ரயில்களில் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், ஆர்.ஏ.சி. என்று பாதி பெர்த் தருபவர் எவருமில்லை.

மலிவு விமானத்தின் கணக்கு வேறு. ‘பாரிஸ்’ என்று விற்கப்படும் போவே விமான நிலையம் பாரிசிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அடிப்படைக் கட்டணத்தில் சின்னப் பை ஒன்றுக்குத்தான் இடம். பருப்புப் பொடியும் ரைஸ் குக்கரும் உள்ள பெட்டிக்குத் தனிக் காசு. பஸ்ஸென்றால் 2013இல் ஜெர்மனியில் தொடங்கிய ஃப்ளிக்ஸ்பஸ் இருக்கிறது. அதே பச்சை நிறப் பஸ் 2024இல் தில்லிக்கும் வந்துவிட்டது. வியன்னாவிலிருந்து வெனிசுக்கு இரவு ரயில் உண்டு. ஹோட்டல் செலவு ஒரு இரவுக்கு மிச்சம். ஆனால் காலையில் இறங்கினால் அறை பிற்பகலில்தான் கிடைக்கும்.

ரயில் பயணத்துக்குப் பெட்டியின் அளவும் முக்கியம். சரோஜினி நகர் மார்க்கெட்டில் கம்பளிக் கோட்டைப் பேரம் பேசி வாங்குபவர்கள் பெட்டியையும் பெரிதாகவே வாங்கிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஸ்டேஷன்களில் சிவப்புச் சட்டை போர்ட்டர் இல்லை. பெட்டியை நிரப்பிக்கொண்டு, எஸ்கலேட்டரை விட்டுவிட்டு, மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டில் ஒருமுறை தூக்கி ஏறிப் பார்த்தால் எதை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்பது பாதிப் படியிலேயே தெரிந்துவிடும்.