மழையில் விரியும் ஏரி

"மழைக்காலத்தில், அதுவும் துணைவியாரை அழைத்துக்கொண்டு கம்போடியாவா?" என்று வியந்தனர் தோழர் சிலர். ஆம், மழைக்காலத்தில்தான்! அப்போதுதான் விடுதி வாடகை குறைவு. உழைத்துச் சேர்த்த காசில் இருவரும் போக முடிந்தது. ஆண் உலகைக் காண்பான், பெண் வீட்டைக் காப்பாள் என்ற பழைய ஏற்பாடு நமக்கு உடன்பாடன்று.

அங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. மீகாங் பேராறு பெருகியதும், அதில் கலக்கும் தொன்லே சாப் ஆறு திசைமாறி ஏரியை நோக்கிப் பாய்கிறது! கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, நல்ல வெள்ளத்தில் 15,000 வரை விரிகிறது. கரையோரக் காடு மூழ்கும். மூழ்கிய காட்டில் மீன் பெருகும். கம்போங் புளுக் கிராமத்தில் வீடுகள் நெடுங்கால்கள்மீது நிற்கின்றன.

அந்த வீட்டு அடுப்படிவரை சென்றவர் துணைவியார்தாம். மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்த 'பிராஹோக்' ஆண்டு முழுதும் ஏழையின் சோற்றுக்குத் துணை என்பதை அவர் சொல்லியே அறிந்தோம்.

2019, 2020ஆம் ஆண்டுகளில் மழை குறைந்தது. மீகாங்கின் மேற்பகுதி அணைகளும் நீரைத் தேக்கின. ஏரி நிரம்பவில்லை, மீன்பாடு சரிந்தது. மழை தவறினால் பயணிக்கு உடை நனையாது. மீனவருக்கோ உலை கொதிக்காது!

தோழர்களே! அங்கோர் வாட்டைக் கட்டியவன் சூரியவர்மன் என்கிறது வரலாறு. கல் சுமந்தோர் பெயர் அதில் இல்லை. எந்த ஊர் சென்றாலும் இருவராகச் செல்லுங்கள். கோபுரத்தோடு நில்லாமல், குடிசையையும் கண்டு வாருங்கள்!