உங்களுக்குத் தெரியுமா? முள்ளைப் பார்த்து டயர் வாங்கு!

மண்டபத்தூரிலிருந்து வடக்கே மிதித்தால் தரங்கம்பாடி, தெற்கே மிதித்தால் காரைக்கால். தார்ச்சாலையிலேயே போனால் எந்த டயரும் போதும். கீழே இறங்கினால்தான் சங்கதி: கடற்கரை மணல், வயல் வண்டல், வாய்க்கால் கரை, எல்லாவற்றிலும் முள். இப்படித் தார்ச்சாலையை விட்டு இறங்கி ஓட்டவென்று கிராவல் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “டியூப்லெஸ் போடலாமா?” கடைக்குப் போகுமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சில துணுக்குகள்.

★ கிராவல் நமக்குப் புதுசா?
சைக்கிள்தான் புதுசு, சொல் பழசு. லாரியில் வந்து இறங்கும் செம்மண் சரளையை நம் ஊர்க் கொத்தனாரும் கான்ட்ராக்டரும் ‘கிராவல்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் காவிரிக் கடைமடையில் அந்த மண் கிடையாது. மேட்டு நிலத்திலிருந்துதான் வரவேண்டும். நம் தரை வண்டலும் மணலும். அதனால் அமெரிக்கச் சரளைச் சாலைக்கென்று செய்த டயர் எல்லாம் அப்படியே இங்கே பொருந்திவிடாது.

★ தாத்தாவிடம் இருந்ததும் 40 மி.மீ.
தபால்காரரும் பால்காரரும் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயர் அளவு 28 x 1½ அங்குலம். சர்வதேச முறையில் எழுதினால் 40-635. அதாவது, டயரின் அகலம் 40 மி.மீ.; அது உட்காரும் வளையத்தின் விட்டம் 635 மி.மீ. இன்றைய கிராவல் சைக்கிளில் அதிகம் புழங்கும் அகலமும் 40 மி.மீ.தான்! ஆனால் ஆசைப்பட்டுப் பழைய ரிம்மில் டியூப்லெஸ் ஏற்ற வேண்டாம். டயரின் விளிம்பைக் காற்றுக் கசியாமல் கவ்விக்கொள்ளும் மேடை அந்த ரிம்மில் கிடையாது.

★ 700 என்பது பிரெஞ்சுக் கணக்கு
டயரில் ‘700சி’ என்று இருக்கிறதே, அது ரிம்மின் அளவு அல்ல. பழைய பிரெஞ்சு முறையில் 700 மி.மீ. என்பது டயரோடு சேர்த்த வெளிவிட்டம். ஏ, பி, சி என்பவை டயரின் பருமனைக் குறிக்கும் எழுத்துகள். டயர்கள் மாறிவிட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்று 700சி என்றால் ரிம் விட்டம் 622 மி.மீ.; 650பி என்றால் 584 மி.மீ. காரைக்காலை விட்டு 1954 நவம்பரில் பிரெஞ்சு நிர்வாகம் போய்விட்டது. பிரெஞ்சு நம்பர் மட்டும் உலகத்துச் சைக்கிள் கடைகளில் எல்லாம் இன்னும் ஆட்சி செய்கிறது.

★ 29ம் 700ம் ஒன்றே
மலை சைக்கிளில் ‘29 இஞ்ச்’ என்று விற்பதும், ரோடு சைக்கிளில் ‘700சி’ என்று விற்பதும் ஒரே 622 மி.மீ. ரிம்தான். ‘28’ என்று அச்சடித்த டயர் 622 ஆகவும் இருக்கலாம், 635 ஆகவும் இருக்கலாம். எனவே அங்குலத்தை நம்பாமல் டயரின் பக்கவாட்டில் 622, 635 என்று இருக்கும் ரிம் விட்ட எண்ணைப் பாருங்கள். அது பொருந்தினால்தான் டயர் பொருந்தும்.

★ ஒட்டிய டயரைக் கழற்ற வைத்தவர்கள்
காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இலேயே காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அது எடுபடவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் மறுபடி செய்ததுதான் ஓடியது. ஆனால் அந்த டயர் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஒட்டுவது பெரும் பாடு. கழற்றி மாட்டும் டயரை மிஷ்லின் சகோதரர்கள் கொண்டுவந்தார்கள். 1891இல் நடந்த முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில், அந்த டயரோடு ஏறத்தாழ 1,200 கி.மீ. ஓட்டி ஜெயித்தார் ஷார்ல் தெரோன். திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் டயர் ஆலை வைத்திருப்பது அதே மிஷ்லின்தான்.

★ டியூபை ஒழித்த மூவர்
காருக்கு டியூப்லெஸ் வந்தது 1940களின் கடைசியில். சைக்கிளுக்கு முறையான டியூப்லெஸ் அளவுகோல் வர 1999 ஆயிற்று. மாவிக், ஊட்சின்சன், மிஷ்லின் ஆகிய மூன்று பிரெஞ்சு நிறுவனங்கள் சேர்ந்து ‘யு.எஸ்.டி.’ என்று அதைக் கொண்டுவந்தன. அந்த டயர் கெட்டியானது, கனமானது. இன்று கடையில் ‘டியூப்லெஸ் ரெடி’ என்று கிடைப்பது அதன் இளைத்த தம்பி. உள்ளே திரவம் ஊற்றினால்தான் அதில் காற்று நிற்கும்.

★ ஸ்கூட்டர் வேறு, சைக்கிள் வேறு
“என் ஸ்கூட்டரும் டியூப்லெஸ்தான், அதில் எதுவும் ஊற்றுவதில்லையே?” நியாயமான கேள்வி. ஸ்கூட்டர் டயரின் உட்புறத்தில் காற்றுக் கசியாத தனி ரப்பர் அடுக்கு உண்டு. ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். சைக்கிள் டயரில் அவ்வளவு கனம் சேர்த்தால் மிதிக்க முடியாது. அதனால் அடுக்கை மெலிதாக்கி, அதன் வேலையைத் திரவத்திடம் கொடுத்துவிட்டார்கள். 40 மி.மீ. டயருக்கு 60 மில்லி அளவில் ஊற்றுவது வழக்கம்.

★ பஞ்சர் ஒட்டுவது ரப்பர் பால்
அந்தத் திரவங்களில் பல, ரப்பர் பாலால் ஆனவை. கன்னியாகுமரித் தோட்டங்களில் கொட்டாங்குச்சியில் சொட்டுகிறதே, அதே பால். உறைந்துவிடாமல் இருக்கத் தோட்டத்தில் அம்மோனியா சேர்ப்பார்கள். சில சைக்கிள் திரவங்களிலும் அதே நெடி அடிக்கும். முள் குத்தியதும் காற்று வெளியேறும், கூடவே பாலும் பீறிடும். அதில் கலந்திருக்கும் துகள்கள் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், பால் அங்கேயே உறையும். ஆசியாவுக்கு ரப்பர் மரம் வந்த கதையில் இலங்கைக்குப் பங்குண்டு. 1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த கன்றுகள் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடை பூங்காவில் நடப்பட்டன.

★ அமெரிக்காவைக் குத்தும் நெருஞ்சி
அமெரிக்க மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்களுக்குப் பரம எதிரி, ‘ஆட்டுத் தலை’ என்று அவர்கள் பெயர் வைத்த ஒரு முள். வேறொன்றுமில்லை, நம்ம நெருஞ்சிதான்! காய் ஐந்தாகப் பிரியும். எந்தத் துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் இதைப் பறித்து ஒழிக்கவே 2018இல் ஒரு திருவிழா தொடங்கினார்கள். நெருஞ்சி காலைக் குத்தும் என்பது திருக்குறளிலேயே இருக்கிறது. டயரையும் குத்தும் என்பது பின்னால் சேர்ந்தது. இதன் ஓட்டை சிறியது. திரவம் நொடியில் அடைத்துவிடும்.

★ கருவ முள்ளுக்கு வேறு வைத்தியம்
சீமைக் கருவேலம் நெருஞ்சியைப் போலக் குட்டை முள் அல்ல. காய்ந்த முள் டயரில் நீளமாக இறங்கி, முனை ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். இந்த மரத்தின் விதை சென்னை மாகாணத்துக்கு வந்தது 1870களில். விறகுக்காக அழைத்து வந்த விருந்தாளி வீட்டையே எடுத்துக்கொண்டது. வேலி ஓரமாகப் போகும் பாதை உங்களுடையது என்றால், எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, தரைப்பகுதிக்கு அடியில் முள் தடுப்புப் பட்டை வைத்த டயராகப் பாருங்கள்.

★ பாம்புக் கடி
காற்றுக் குறைந்த சக்கரம் கல்லில் மோதினால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பல் பட்டதுபோல இருப்பதால் அதற்குப் பாம்புக் கடி என்று பெயர். டியூபே இல்லையென்றால் நசுங்க என்ன இருக்கிறது? முள்ளை விட இதுதான் டியூப்லெஸ்ஸின் பெரிய லாபம். தைரியமாகக் காற்றைக் குறைக்கலாம். 70 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டயரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை வைத்துத் தொடங்கலாம். மணலில் இன்னும் சிறிது இறக்கினால் சக்கரம் புதையாமல் மிதந்து போகும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து “கல்லு மாதிரி இருக்கு” என்று திருப்திப்படும் பழக்கத்தை மட்டும் மறந்துவிடுங்கள்.

★ சித்திரை வெயில் அடிக்கும் காற்று
விடியற்காலை 25 டிகிரியில் 35 பி.எஸ்.ஐ. அடிக்கிறீர்கள். மத்தியானம் சைக்கிள் வெயிலில் நிற்கிறது. டயர் 45 டிகிரி ஆகிறது. பம்பைத் தொடாமலே ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். இந்தச் சூடு திரவத்தையும் விடாது. குளிர்நாட்டில் ஆறு மாதம் தாங்குவது இங்கே சீக்கிரமே காய்ந்து தோலாகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சளக் சளக் என்று கேட்டால் சரி. சத்தமே இல்லையென்றால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது.

★ ஐப்பசியில் டயர் வாங்காதீர்கள்
கோடையில் காய்ந்த வண்டல் சிமெண்டுத் தரை. வழவழப்பான நடுப்பகுதியும் ஓரத்தில் மட்டும் பொத்தான்களும் உள்ள டயர் அதில் பறக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் களி. பொத்தான்கள் நெருக்கமாக இருந்தால் இடைவெளியெல்லாம் அப்பிக்கொண்டு, டயர் மண் உருளை ஆகிவிடும். இடைவெளி விட்டுப் பொத்தான் வைத்த டயர்தான் சுழலும்போது மண்ணை உதறும். ஃப்ரேமுக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையும் சந்து வேண்டும். ஒரே டயர்தான் வாங்கமுடியும் என்றால் வருஷத்தில் அதிக மாதம் இருக்கும் காய்ந்த தரைக்கு வாங்குங்கள். களியில் இறங்கித் தள்ளினால் ஒன்றும் குறைந்துவிடாது.

★ கன்சாஸ் கல்
அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2006 முதல் நடக்கும் 200 மைல் கிராவல் பந்தயத்துக்கு இன்று ‘அன்பவுண்ட்’ என்று பெயர். அங்கே சிக்கிமுக்கிக் கல் டயரின் பக்கவாட்டைக் கத்திபோல் கிழிக்கும். அதற்காகவே பக்கச்சுவர் தடித்த டயர்கள் விற்கிறார்கள். மண்டபத்தூரில் அந்தக் கல் இல்லை. மெல்லிய பக்கச்சுவர் இங்கே போதும், மணலில் அதுதான் இதமாக வளைந்துகொடுக்கும்.

★ வால்டியூபுக்கு விடுதலை
மாதம் ஒருமுறை வால்டியூப் மாற்றிய தலைமுறைக்கு ஒரு செய்தி. டியூப்லெஸ் ரிம்மில் வருவது பெரும்பாலும் ‘பிரஸ்டா’ வால்வு, பிரெஞ்சு வால்வு என்றும் சொல்வார்கள். முனையைத் திருகித் தளர்த்தினால்தான் காற்று ஏறும். பெட்ரோல் பங்க் குழாய் நேராகப் பொருந்தாது. அதற்கென்று பித்தளையில் சின்ன அடாப்டர் உண்டு, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றுப் படும் ஊரில் வால்வின் திருகு இறுகிப்போகும். நல்ல தண்ணீரில் கழுவினால் அது பிழைக்கும்.

★ டப்!
புது டயரை ஏற்றும்போது விளிம்பு மேடையில் போய் உட்காரும் சத்தம் இது. கைப்பம்பு அடித்து இந்தச் சத்தத்தை வரவழைப்பது கஷ்டம். ஒரே மூச்சில் காற்று வேண்டும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்பாகத்தைக் கழற்றிவிட்டு, கம்ப்ரஸர் வைத்து அடித்தால் சுலபம். ஆனால் லாரிக்கு அடிக்கிற அழுத்தத்தைச் சைக்கிளுக்கு வைத்துவிட வேண்டாம். விளிம்பில் கொக்கி இல்லாத ‘ஹூக்லெஸ்’ ரிம்முக்கு உச்சவரம்பே 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. டயரும் அந்த ரிம்முக்கு ஏற்றதென்று அச்சிட்டிருக்க வேண்டும்.

★ சேம அச்சு
உப்பு ஏற்றிப் போன உமணர்கள் வண்டிக்கு அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள் என்பதை ஔவையாரின் புறநானூற்றுப் பாடலிலிருந்து (102) அறிகிறோம். ‘சேம அச்சு’ என்று அதற்குப் பெயர். டியூப்லெஸ் ஓட்டுகிறவருக்குச் சேம அச்சு ஒரு டியூப்! டயர் கிழிந்தால் திரவம் கைவிடும். அப்போது வால்வைக் கழற்றிவிட்டு டியூபைப் போட்டு வீடு வந்து சேரலாம். ஆனால் போடுவதற்கு முன், பஞ்சர் கடைக்காரர் காலங்காலமாகச் செய்வதைச் செய்யுங்கள்: டயரின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். நீங்கள் அறியாமலே குத்தி, திரவம் அடைத்து, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள் அங்கே வரிசையாக இருக்கும். ஒன்றை விட்டாலும் புது டியூப் அங்கேயே போய்விடும். வெறும் விரல் வேண்டாம்; துண்டால் தடவுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ, அங்கே முள்.