கிராபிக்ஸ் கார்டு போய்விட்டதா? அவசரப்பட வேண்டாம்!

நம் வீட்டுப் பிள்ளைகளின் மேஜையில் இப்போது விளையாட்டுக் கணினி இடம் பிடித்துவிட்டது. அதில் விலை மிகுந்த உறுப்பு பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான். திரையில் கோடும் புள்ளியும் தோன்றினாலோ, ஆட்டத்தின் நடுவே திரை இருண்டாலோ "கார்டு போச்சு, புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். நாமும் பல்லாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

ரயில்வேயில் சிக்னல் விளக்கு எரியாவிட்டால் பல்பை மட்டும் பார்க்க மாட்டோம். மின்வரவு, கம்பி, இணைப்பு, ரிலே என வரிசையாகப் பார்ப்போம். கோளாறு தெரியும் இடம் வேறு, கோளாறு இருக்கும் இடம் வேறு. இந்தப் பாடம் கணினிக்கும் பொருந்தும்.

பாலராமபுரம் சாலியர் தெரு நம்மவர்களுக்குப் புதிதல்ல. பாலராமவர்மா மன்னர் காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட நெசவாளர்கள் குடியேறிய ஊர் அது. அங்கே தறி உள்ள ஒரு வீட்டில், கல்லூரி மாணவன் ஒருவன் தன் கணினியில் விளையாடுவதோடு, கல்யாண வீடியோக்களைத் தொகுத்துப் படிப்புச் செலவுக்கும் சம்பாதிக்கிறான். அந்தக் கணினிதான் நின்றது. கார்டை மாற்றியே ஆக வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

முதலில் மானிட்டரையும் கேபிளையும் மாற்றிப் பார்த்தோம், பலனில்லை. டிரைவரை முழுதும் நீக்கி மறுபடி நிறுவினோம், அதிலும் பலனில்லை. பிறகு வெப்ப அளவைப் பார்த்தோம். ஆட்டத்தின்போது 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். இவன் கார்டு 92 காட்டியது. மின்சாரத்தைத் துண்டித்துக் கார்டைக் கழற்றினால், அலுமினியத் தகடுகளுக்கு இடையே பஞ்சுப் பிசிறு மெத்தைபோல் அடைந்து கிடந்தது! தறி வீட்டில் வேறென்ன இருக்கும்? விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். வெப்பம் 74 ஆக இறங்கியது. ஆனாலும் திரை இருண்டது.

அடுத்து மின்வரவு. மதர்போர்டின் பள்ளத்திலிருந்து ஒரு கார்டு 75 வாட் வரை பெறலாம். மேற்கொண்டு வேண்டியதை எட்டு முனை இணைப்புகள் தரும். ஒவ்வொன்றுக்கும் 150 வாட். இவன் கணினியிலோ இரண்டு இணைப்புகளும் ஒரே கேபிளிலிருந்து பிரிந்து சென்றன. தனித்தனிக் கேபிள் கொடுத்ததும் கோளாறு தீர்ந்தது. புதுக் கார்டுக்குச் செலவே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

உண்மையாகவே கார்டு கெடுவதும் உண்டு. கணினி தொடங்கும் முதல் திரையிலேயே கோடுகள் தெரிந்து, வேறு கணினியில் பொருத்தினாலும் அப்படியே தெரிந்தால், கோளாறு கார்டில்தான். தண்டவாளம் வெயிலில் நீளும் என்பதால் இணைப்பில் இடைவெளி விடுகிறோம். சிப்பின் அடியிலுள்ள சின்னஞ்சிறு ஈயப்பற்றுகளுக்கு அந்த வசதி இல்லை. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து விரிசல் விடுகின்றன. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே தன் மடிக்கணினிச் சிப்புகளில் ஏற்பட்ட இத்தகைய பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. கார்டை அடுப்பில் சுட்டால் சரியாகும் என்பார் பேச்சைக் கேட்காதீர்கள். சில நாள் ஓடினாலும் மறுபடி நிற்கும். எழும் புகையும் நஞ்சு. வாரண்டிச் சீட்டைத் தேடி எடுங்கள், அதுவே வழி.

துலா மழைக் காலத்தில் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கையும் இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். தறி வீடுகளில் மாதம் ஒருமுறை. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். வரிசையாகச் சோதிக்கும் பழக்கம், கணினி மாறினாலும் அவர்களுக்குக் கைகொடுக்கும்.