உடைந்த பிளாஸ்டிக்கை எறிந்துவிடாதீர்கள்!

உங்கள் வீட்டில் பழைய காரோ வேனோ இருக்கிறதா? அப்படியானால் உள்ளே ஏதாவதொரு பிளாஸ்டிக் பாகம் உடைந்தே இருக்கும். டேஷ்போட் பெட்டியின் மூடி பூட்டாது. ஏசிக் காற்று வரும் துவாரத்தில் ஒரு பட்டி முறிந்திருக்கும். கதவின் உட்பலகை கடகடவென்று ஆடும். "பிறகு பார்ப்போம்" என்பார் வீட்டுக்காரர். அந்தப் "பிறகு" வராமலே வருடம் ஓடிவிடும்.

நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அதுவும் பெரும் வரியோடு. ஆகவே இருக்கும் வாகனத்தைப் பேணிக்கொள்வதே பல குடும்பங்களுக்கு ஏற்ற வழி. பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாவித்த பாகங்கள் கிடைக்கும்தான். ஆனால் விரல் நீளக் கொளுக்கி ஒன்று முறிந்ததற்காக முழு மூடியையும் வாங்க வேண்டிவரும். அந்தச் செலவு எதற்கு, சகோதரிகளே? ஊசி நூல் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இந்த வேலை பெரிதல்ல.

முதலில் திருப்பிப் பாருங்கள்

பலர் நேரே சுப்பர் குளூவை வாங்கி ஒட்டுவார்கள். இரண்டு நாளில் கழன்றுவிடும். குற்றம் பசையில் இல்லை. பிளாஸ்டிக்கில் பல இனங்கள் உண்டு.

உடைந்த பாகத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு அம்புமுனைகளுக்கிடையே ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். ஏ.பீ.எஸ். என்றிருந்தால் பசை நன்றாகப் பிடிக்கும். பீ.பீ. என்றிருந்தால் அது பொலிப்புரொப்பிலீன். மெழுகு தடவியதுபோன்ற அதன் மேற்பரப்பில் பசை நிற்காது.

எழுத்து இல்லையென்றால் சிறு துண்டொன்றைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பசை பிடிக்காத இனம். மூழ்கியதென்றால் உடனே முடிவு கட்டவேண்டாம். டல்க் தூள் கலந்த பீ.பீ.யும் மூழ்கும். மறைவான இடத்தில் ஒரு சொட்டுப் பசை வைத்து, காய்ந்தபின் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோலாக உரிந்து வந்தால் பசையை நம்பாதீர்கள்.

பசை பிடிக்கும் பாகத்துக்கு

சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். உடைந்த இடத்தின் பின்புறத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். துண்டுகளைப் பொருத்திச் சிறிது சுப்பர் குளூ விட்டு ஒட்டுங்கள். பிறகு பின்புறத்தில் அப்பச்சோடாவை மெல்லியதாகத் தூவி, அதன்மேல் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நொடியில் கல்போல் இறுகிவிடும். இப்படி இரண்டு மூன்று படை வைத்தால் முறிந்த கொளுக்கியின் மூலையைக்கூட உருவாக்கி, அரத்தால் தேய்த்துச் சீராக்கலாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், மாற்றிவிடாதீர்கள்.

பசை பிடிக்காத பாகத்துக்கு

இதற்குத் தையல்தான் வழி! வெடிப்பு முடியும் நுனியில், சூடாக்கிய ஊசியால் சிறு துளையிடுங்கள். வெடிப்பு மேலும் ஓடாது. பின்பு வெடிப்பின் இருபுறமும் துளைகள் இட்டு, மெல்லிய செப்புக் கம்பியால் தைத்து, முடிச்சைப் பின்புறத்தில் முறுக்கிவிடுங்கள்.

ரேடியோ திருத்துபவர்கள் பாவிக்கும் சோல்டரிங் அயன் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்டேப்ளர் கம்பியை வெடிப்புக்குக் குறுக்காகப் பின்புறத்தில் வைத்து, சூட்டால் மெல்ல அழுத்திப் புதைக்கலாம். மேலே நிரப்ப அதே இனப் பிளாஸ்டிக் வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட பழைய டப்பாக்கள் பீ.பீ.தான்.

கவனம்! கவனம்!

இந்த வேலைகளைக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். புகையைச் சுவாசிக்காதீர்கள். பிள்ளைகளைத் தூர வையுங்கள். சுப்பர் குளூ பருத்தித் துணியில் கொட்டினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். முந்தானையையும் முக்காட்டையும் ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊறவையுங்கள். அசெட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியால் பாகத்தைத் துடைக்கவேண்டாம், ஏ.பீ.எஸ். கரைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: ஸ்டியரிங்கின் நடுமூடியிலோ, எயார்பேக் அல்லது எஸ்.ஆர்.எஸ். என்று எழுதிய எந்தப் பாகத்திலோ கை வைக்காதீர்கள். விபத்தின்போது கண்ணிமைக்கும் முன்னே காற்றுப்பை விரியும். அந்த மூடி குறித்த கோட்டில் கிழிந்து வழிவிட வேண்டும். அங்கே பசையோ கம்பியோ இருந்தால், காக்க வேண்டிய பையே முகத்தில் துண்டுகளை வீசிவிடலாம். சீட் பெல்ட்டின் பூட்டும், பிள்ளைகளின் பாதுகாப்பு ஆசனமும் அப்படியே. அவை உடைந்தால் ஒட்டுவேலை வேண்டாம், மாற்றியே ஆகவேண்டும். சாரதியின் காலடிக்கு மேலுள்ள பலகையைக் கழற்றினால், இறுகப் பொருந்தியதா என்று இருமுறை பாருங்கள். அது நழுவி பிரேக்கின் கீழ் விழுந்தால் ஆபத்து.

சிறியதைத் திருத்தி மிச்சப்படுத்தும் பணம், உயிர் காக்கும் பாகத்தைப் புதிதாய் வாங்க உதவட்டும்.