திசை பார்த்து ஓடும் நிலத்தடி நீர்

கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆனது வங்காள வடிநிலம். அங்கே அடிகுழாய்கள் எட்டும் மேல்மட்ட நீரில் பல ஊர்களில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருக்கிறது. 150 மீட்டருக்குக் கீழே போனால் பெரும்பாலும் நல்ல நீர். இரண்டுக்கும் நடுவே வடிநிலம் முழுவதையும் மூடிய ஒற்றைக் களிமண் தட்டு எதுவும் கிடையாது. பிறகு எது நஞ்சைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கிறது?

விடைக்கு ஒரு பழைய விதியிலிருந்து தொடங்கலாம். 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணலின் வழியே நீர் எவ்வளவு ஓடும் என்பதற்கான விதியை வெளியிட்டார். நீர்மட்டச் சரிவும் மணலின் கடத்துதிறனும், அதாவது நீரைக் கடத்தும் திறனும், அதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் அடுக்கடுக்காகப் படிந்த வண்டலில் கடத்துதிறன் திசைக்குத் திசை மாறும்.

ஒரு கணக்குப் போடுவோம். 9 மீட்டர் மணலின் கடத்துதிறன் நாளுக்கு 10 மீட்டர். அதன்மேல் படிந்த 1 மீட்டர் களிமண்ணுக்கோ 0.001 மீட்டர்தான். கிடையாக ஓடும் நீர் களிமண்ணை விட்டுவிட்டு மணல் வழியே போய்விடும். மொத்த அடுக்கின் கிடைத்திறன், அதாவது கிடையாகக் கடத்தும் திறன், நாளுக்கு 9 மீட்டர். கீழே இறங்கும் நீரோ களிமண்ணைத் துளைத்தே ஆகவேண்டும். செங்குத்துத்திறன் வெறும் 0.01 மீட்டர். அதே மண்ணில் 900 மடங்கு வேறுபாடு! பத்தில் ஒரு பங்கு களிமண் செய்யும் வேலை இது.

வங்காளத்தில் களிமண் திட்டுத்திட்டாகத்தான் கிடக்கிறது. இறங்கும் நீர் ஒவ்வொரு திட்டையும் சுற்றி வளைந்தே போகவேண்டும். நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் ஹோலி மைக்கேல், கிளிஃபோர்ட் வாஸ் இருவரும் தங்கள் கணினி மாதிரியில் இத்தனை திட்டுகளையும் தனித்தனியே வரையவில்லை. வடிநிலம் முழுவதற்கும் இரண்டே எண்களைக் கொடுத்தார்கள்: கிடைத்திறன், செங்குத்துத்திறன். முன்னது பின்னதைப்போல் சுமார் 10,000 மடங்கு.

இந்த விகிதத்தை ஒரு கிணற்றில் நீரிறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சோதனை சுற்றியுள்ள சிறு பகுதியைத்தான் காட்டும்; தொலைவில் கிடக்கும் திட்டுகள் அதற்குத் தெரியாது. அதனால் துளையிட்டவர்களின் மண் பதிவுகளையும், நீர்மட்டங்களையும், ஆழத்து நீரின் வயதையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

2008இல் வெளியான அவர்களின் முடிவு, கொள்கை வகுப்போருக்கு நேரடியாகப் பயன்படுவது. ஆழத்து நீரைக் குடிக்க மட்டும் எடுத்து, பாசனத்துக்கு மேல்மட்ட நீரையே இறைத்தால், பெரும்பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் அது கெடாமல் இருக்கக்கூடும். பாசனமும் ஆழத்துக்கு இறங்கினால் நஞ்சும் கீழே இழுக்கப்படும். வண்டல் தரும் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் இறைப்பது மனிதரின் பொறுப்பு.