987654321 பகா எண்ணா? வகுக்காமலே எப்படிக் கண்டுபிடிப்பது?

987654321 ஒற்றைப்படை எண், 5-இலும் முடியவில்லை. 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்ணோ என்று தோன்றும். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 45. அது 9-ஆல் வகுபடும். ஆகவே முழு எண்ணும் வகுபடும்.

ஏன்?

நூறு தேங்காயை ஒன்பது ஒன்பதாகக் கூறு போட்டால், 99 போக ஒன்று மிஞ்சும். பத்து, ஆயிரம், கோடி எதிலும் மிஞ்சுவது ஒன்றே. அப்படியானால் முந்நூறில் மூன்று, இருபதில் இரண்டு. அதாவது, ஒவ்வோர் இலக்கமும் தன் இடத்தில் மிஞ்சுவதையே காட்டுகிறது, அழகே இதில்தான். மிஞ்சிய 45-ஐயும் ஐந்து கூறாகப் போட்டுவிடலாம்.

இலக்கங்களின் வரிசை இங்கே பொருட்டே இல்லை. 1 முதல் 9 வரையான இலக்கங்களை ஒருமுறை மட்டும் பயன்படுத்தி 3,62,880 எண்கள் எழுதலாம். அவற்றில் ஒன்றுகூடப் பகா எண் அல்ல.